கம்பத்தின் மேல் பைத்தலையன்

பெயின்ட் காயவில்லை.

எமில் ட்ரஸ்கா கராஜின் சிமென்ட் தரையில் மண்டியிட்டு, மனைவியின் ஹேர் டிரையரை முழு வேகத்தில் வைத்து, ஒரு முழ நீள இரும்புக் குழாய்க்குச் சிகை அலங்காரம் செய்துகொண்டிருந்தார். மஞ்சள் பெயின்ட். வெளியே ஈரி ஏரியிலிருந்து வந்த டிசம்பர் காற்று கதவைப் பிறாண்டியது. உள்ளே அவருக்கு வேர்த்துக்கொட்டியது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தக் குழாய்க்கு ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். இப்போதைக்கு அது நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி பளபளத்தது.

"எமில்!" கதவுக்கு அந்தப் பக்கம் லோரெட்டா. "உள்ள என்ன சத்தம்?"

"வேக்குவம் பண்றேன்."

"கல்யாணம் ஆன நாள்லருந்து நீ வேக்குவம் பண்ணி நான் பாத்ததில்லையே."

"அதான் இன்னிக்கு ஆரம்பிக்கலாம்னு."

சிறிது அமைதி. லோரெட்டாவின் அமைதிகளை எமில் அறிவார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது வருகிற அமைதி அது.

"சரி. கொல்லையில என் துணிக்கொடிக் கம்பம் ஒண்ணு காணோம். பாத்தியா?"

"ராத்திரி காத்து பலமா அடிச்சுது. விழுந்திருக்கும்."

"விழுந்த மாதிரி இல்ல. ரம்பம் போட்டு அறுத்த மாதிரி இருக்கு."

"அவ்வளவு பலமான காத்து, லோரெட்டா."

காலடி ஓசை நகர்ந்தது. எமில் மூச்சு விட்டார். குழாயைத் திருப்பி அடுத்த பக்கத்துக்குச் சூடு காட்டினார். ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர், இரண்டு பெண்களுக்குத் தகப்பன், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். எழுபத்திரண்டு வயதில் செய்கிற காரியமா இது? ஆனால் வேறு வழியில்லை. ஈரி நகரம் முழுக்க, அரை நூற்றாண்டாக, எமில் ட்ரஸ்காதான் பைத்தலையன் என்று நம்பிக்கொண்டிருந்தது. நம்பிக்கைக்குக் காரணம், எமிலே அதைச் சொன்னதுதான்.

பைத்தலையன் யாரென்று சொல்ல, ஈரி ஸ்டோக்கர்ஸ் அணியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், தோற்றார்கள். விரிவாகச் சொன்னால், மறுபடியும் தோற்றார்கள்.

கொதிகலன் தொழிற்சாலை முதலாளி ஒருவர் ஆரம்பித்த அமெரிக்கக் கால்பந்து அணி. தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வராமல் இருந்தார்கள். ஞாயிறன்று பார்க்க ஒரு ஆட்டம் இருந்தால் குடிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். அணி ஆடிய ஆட்டத்தைப் பார்த்த துக்கத்தில் அவர்கள் செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. முதல் சீசனில் ஸ்டோக்கர்ஸுக்குக் கிடைத்த முதல் புள்ளிகளைக்கூட எதிரணி ஆள்தான் வாங்கிக் கொடுத்தான். பனிமூட்டத்தில் திசை தெரியாமல் பந்தோடு சொந்த எல்லைக்குள்ளேயே ஓடிப் போய்ப் படுத்துக்கொண்டான். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஈரியிலிருந்து அவனுக்குக் கட்டுக் கட்டாக வாழ்த்து அட்டைகள் போயின.

அடுத்து வந்த முதலாளி ஹெல்மெட்டுகளுக்குப் பச்சை அடித்தார். டிவியில் பார்த்தால் பதினோரு ஊறுகாய் வெள்ளரிக்காய்கள் ஓடுவது போலிருந்தது. ஒரு வருஷம், படுமோசமாகத் தோற்றதற்குப் பரிசாக, நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனை முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஸ்டோக்கர்ஸுக்குக் கிடைத்தது. தேர்ந்தெடுத்தார்கள். பையன் ஒரு வாரம் யோசித்தான். பிறகு பல் டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டான்.

எழுபதுகளில் ரசிகர்கள் தலையில் மளிகைக்கடைக் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு ஸ்டேடியத்துக்கு வர ஆரம்பித்தார்கள். வெட்கம். ஆனால் வராமல் மட்டும் இருக்கவில்லை. வெட்கப்படுவதற்கும் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்து வெட்கப்படுகிற ஊர் அது.

அந்த ஊருக்குத்தான் 1974 டிசம்பரில் அந்த நாள் வந்தது. டொலீடோ ஊர் அணியோடு டிவிஷன் இறுதி ஆட்டம். கடைசி நொடியில் ஒரு உதை. குறுக்குச் சட்டத்துக்கு மேலே நிற்கிற இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் வெற்றி. பந்து நேராக வலது கம்பத்தில் போய் மோதியது. ஊரே கண்ணை மூடிக்கொண்டது. பந்து இரண்டு மனதாகக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, உள்பக்கமாக விழுந்தது.

யோசித்துப் பார்த்தால், ஸ்டோக்கர்ஸின் மொத்த வரலாற்றில் ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆட்டக்காரர் அந்தக் கம்பம்தான். நன்றிக்கடனாக ரசிகர்கள் வேலி தாண்டி ஓடிப்போய், மஞ்சள் அடித்த கம்பத்தைப் பிடுங்கி, தோளில் சுமந்து ஸ்டேட் தெரு வழியாக ஏரிக்கரை வரை ஊர்வலம் போய், ரம்பம் வைத்துத் துண்டு துண்டாக அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் நடந்த ஆட்டத்தில் ஸ்டோக்கர்ஸ் எப்படித் தோற்றது என்பதைப் பற்றி ஈரியில் யாரும் பேசுவதில்லை.

அன்று உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. பிடுங்கப்படுகிற கம்பத்தின் மேல், குறுக்குச் சட்டத்தில் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். தலையில் காகிதப் பை. வலது கை வானத்தை நோக்கி நீண்டிருக்கிறது. வெற்றி முழக்கம். அந்தப் படம் இல்லாத முடிதிருத்தும் கடை ஈரியில் கிடையாது. அவன் பைத்தலையன்.

எமில் அன்று ஸ்டேடியத்தில் இருந்தார். அது நிஜம். தலையில் பை இருந்தது. அதுவும் நிஜம். ஆனால் உதை நடந்த நேரத்தில் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் நின்றவன் நிதானமான ஆள். கூச்சல் கேட்டு ஓடி வந்தபோது கம்பம் கேட்டைத் தாண்டிவிட்டது.

அடுத்த வருஷம், தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், எதிரில் உட்கார்ந்த ஒரு அழகான நர்ஸிடம் பேச விஷயம் தேடித் தவித்தபோது, வாயில் அதுவாக வந்து விழுந்தது. "அந்தப் போட்டோல இருக்கற ஆளு யாருன்னு தெரியுமா?" நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். உருளைக்கிழங்கு வறுவலைக் கீழே வைத்துவிட்டு, அவ்வளவு ஆர்வமாக அவரை அதுவரை எந்தப் பெண்ணும் பார்த்ததில்லை. "யாரு?" என்றாள். அவ்வளவுதான். அந்த நர்ஸ்தான் லோரெட்டா. அதற்குப் பிறகு அந்தப் பொய்யிலிருந்து இறங்குவதற்கு ஏணியே கிடைக்கவில்லை.

இன்று அந்த வெற்றியின் ஐம்பதாம் ஆண்டு. அணி நிர்வாகம் வரலாற்றுக் கூடம் ஒன்று திறக்கிறது. ஊரில் உள்ள கம்பத் துண்டுகளையெல்லாம் கொண்டுவாருங்கள், ஒட்டி மறுபடி நிறுத்துவோம் என்று அறிவித்திருந்தார்கள். ஸ்டேடியத்து வாசலில் பைத்தலையனுக்கு வெண்கலச் சிலை. பெயர்ப் பலகையில் பெயர் மட்டும் பாக்கி. தன்னிடமும் ஒரு துண்டு நிலவறையில் கம்பளி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது என்று எமில் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நிலவறையில் கம்பளி இருந்தது.

"எமில், கிளம்பலையா?" மறுபடி லோரெட்டா. "டை கட்டிக்கோ. சிலைக்காரன் மாதிரி இருக்கணும் இல்ல?"

அவர் குழாயைக் கம்பளியில் சுற்றினார். கம்பளி ஒட்டிக்கொண்டது.

ஸ்டேடியத்தின் பார்க்கிங் மைதானத்தில் அடுப்புகள் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தன. பிக்கப் வண்டிகளின் பின்கதவுகள் திறந்து, சாசேஜும் மாவுக்குள் இறைச்சி வைத்த பெப்பரோனி உருண்டையும் பொரிந்துகொண்டிருந்தன. நடுவில் பெரிய தார்ப்பாய். அதன் மேல் நகரத்தின் வரலாறு துண்டு துண்டாகக் கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, பயபக்தியோடு இரும்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அணி நிர்வாகம் வரலாற்றுக் கூடத்துக்காக வெளியூரிலிருந்து வரவழைத்திருந்த பெண், மெரெடித், வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் வாங்கினாள். முப்பது வயது இருக்கும். மரியாதையான பெண். அதுதான் அவளிடம் இருந்த ஆபத்து.

எமிலுக்கு முன்னால் நின்றது கார்மைன். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன், ரிட்டயர்டு பிளம்பர். எதையும் உரக்கச் சொல்கிற ஆள். அவன் நீட்டிய துண்டை மெரெடித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது நுனியில மரை இருக்கே? குழாய் மாட்டற மாதிரி?"

"அந்தக் காலத்து வேலைப்பாடும்மா. எல்லாத்துலயும் மரை வெப்பாங்க."

"உள்ள கொஞ்சம் தண்ணி இருக்கு, சார்."

"பனி உருகினது," என்றான் கார்மைன், கண் இமைக்காமல்.

எமிலின் முறை வந்தது. கம்பளியைப் பிரித்தார். குழாயில் கம்பளி நூல்கள் முளைத்திருந்தன. மெரெடித் வாங்கினாள். கீழே வைத்தாள். கையுறையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் மஞ்சள்.

"ரொம்ப நல்லா பாதுகாத்திருக்கீங்க, மிஸ்டர் ட்ரஸ்கா," என்றாள். "பெயின்ட் இன்னும் புதுசாவே இருக்கு."

எமில் திரும்பினார். அப்போதுதான் கவனித்தார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தார்கள். பாக்கெட் இல்லாதவர்களின் விரல் நுனிகள் மஞ்சள். கார்மைனின் காது மடலில்கூட ஒரு மஞ்சள் தீற்றல்.

"என்னடா பாக்கற?" என்றான் கார்மைன்.

"ஒண்ணுமில்ல. நேத்து ஹார்டுவேர் கடையில மஞ்சள் பெயின்ட் தீந்து போச்சுன்னாங்க. ஏன்னு யோசிச்சேன்."

"எனக்கெப்படித் தெரியும்? கடைசி டப்பா வாங்கினதே நான்தான்." சொன்ன பிறகுதான் கார்மைனுக்கு வாயை மூடத் தோன்றியது.

லோரெட்டா பின்னால் நின்று தார்ப்பாயை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எமில், உன் துண்டுல ஒரு கொக்கி இருக்கு பாரு," என்றாள் மெதுவாக. "என் துணிக்கொடி மாட்டற கொக்கி மாதிரியே இருக்கு. இல்ல?"

"கம்பத்துல கொக்கி இருக்கும், லோரெட்டா. கொடி மாட்டறதுக்கு."

"ஆமாமா. கொடி மாட்டறதுக்குத்தான்."

துண்டுகள் வந்து முடிந்தன. மெரெடித்தின் உதவியாளர்கள் அவற்றை நீளவாக்கில் ஒட்டி ஒட்டி அடுக்கினார்கள். தார்ப்பாய் முடிந்தது. துண்டுகள் முடியவில்லை. வரிசை சாசேஜ் அடுப்புகளைக் கடந்து, ஆம்புலன்ஸைக் கடந்து, மைதானத்து வேலி வரை போய், அங்கிருந்து திரும்பி வந்தது. இந்த இரும்பில் ஒரு கம்பம் அல்ல, ஒரு சின்னப் பாலமே கட்டலாம். ஒரு துண்டில் சைக்கிள் கைப்பிடி மாட்டுகிற இடம் தெரிந்தது. இன்னொன்று கட்டில் கால். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் பக்கத்து ஆள் தன் துண்டைப் பற்றிக் கேட்டுவிடுவான்.

மெரெடித் ஒலிபெருக்கியை எடுத்தாள். "எல்லாருக்கும் நன்றி. எங்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருக்கு. வரலாறு சரியா இருக்கணும்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மைதானத்தோட ரெண்டு கோடியிலயும் கம்பம் உண்டு. கடைசி உதை ஏரிப் பக்கக் கோடிக் கம்பத்துல பட்டுச்சு. பழைய ஆட்டக் குறிப்பு எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கு. ஆனா போட்டோல பின்னாடி தெரியறது தேவாலயக் கோபுரம். அது ஊர்ப் பக்கக் கம்பம்."

அடுப்புக்காரன் சாசேஜ் புரட்டுவதை நிறுத்தினான்.

"அப்படின்னா?" என்றான் கார்மைன்.

"அப்படின்னா நீங்க பிடுங்கினது தப்பான கம்பம், சார்."

ஒரு ஊரே ஐம்பது வருஷமாக ஒன்றும் செய்யாத ஒரு கம்பத்தை அறுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. ஜெயித்துக் கொடுத்த கம்பத்தை அடுத்த கோடையில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

"அந்தப் பக்கம்தான் வாசல் கிட்ட இருந்துச்சு," என்று கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் சமாதானம் சொன்னார். "கொண்டுபோக சௌகரியம்."

அப்போதுதான் முதல் சிரிப்பு வெடித்தது. பிறகு அடக்க முடியவில்லை. எமிலும் சிரித்தார். எல்லோர் துண்டும் பொய் என்றால் தன் துண்டு மட்டும் எப்படி மாட்டும்? அவர் தோள்கள் இறங்கின. டை கொஞ்சம் தளர்ந்தது.

மெரெடித் தொடர்ந்தாள். "இன்னொரு நல்ல செய்தி. போட்டோ எடுத்தவர் போன வருஷம் இறந்துட்டார். அவர் பொண்ணு வீட்டுச் சாமான் ஒதுக்கும்போது அதே ஃபிலிம் சுருள்ல அடுத்த படத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரு நொடி கழிச்சு எடுத்தது. அதுல பை கிழிஞ்சு, முகம் தெளிவாத் தெரியுதாம். நாங்களும் இன்னும் பாக்கல, உறை பிரிக்காம நேரா திரை அறைக்குக் குடுத்துட்டோம். இன்னிக்கு ஆட்டத்தோட இடைவேளையில பெரிய திரையில போடப் போறோம்." அவள் எமிலைப் பார்த்துப் புன்னகைத்தாள். "சிலைக்குப் பேரும் அப்பவே வெச்சிடலாம்."

எல்லோரும் எமிலைப் பார்த்துக் கைதட்டினார்கள். கார்மைன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

எமில் வண்டியை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போற?" என்றாள் லோரெட்டா.

"டிராஃபிக் ஆகறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னு."

"ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல, எமில்."

"அதான் டிராஃபிக் கம்மியா இருக்கும்."

அவள் அவர் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். நர்ஸ் பிடி. அதிலிருந்து தப்பித்த நோயாளி கிடையாது.

ஐம்பதாண்டு நினைவாக இன்றைய எதிரணியும் டொலீடோதான். முதல் பாதி எமிலின் கண்ணில் படவே இல்லை. வழக்கம் போல ஸ்டோக்கர்ஸ் பந்தைக் கீழே போட்டார்கள், டொலீடோ எடுத்துக்கொண்டு ஓடியது. எமிலின் கண் மைதானத்தின் கோடியில் இருந்த பெரிய திரையிலேயே இருந்தது. அந்தத் திரை வருஷத்துக்கு நாலு தடவை பழுதாகும். அதுவும் ஸ்டோக்கர்ஸ் அபூர்வமாகப் புள்ளி எடுக்கும் நேரம் பார்த்து இருண்டுவிடும். கர்த்தரே, என்று எமில் மனசுக்குள் கும்பிட்டார், இன்னிக்கு ஒரு தடவை கெட்டுப் போகட்டும். காணிக்கைத் தட்டை இனிமேல் ரெண்டு கையாலயும் பிடிக்கிறேன்.

திரை பளிச்சென்று எரிந்தது. இவ்வளவு தெளிவாக அது எரிந்து யாரும் பார்த்ததில்லை.

லோரெட்டா பக்கத்தில் உட்கார்ந்து பெப்பரோனி உருண்டையை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் குளிருதா?" என்றாள். "நடுங்கறியே."

"சந்தோஷம்."

இடைவேளை விசில். பாண்டு வாத்தியம் வந்து போனது. திரையில் முதலில் பழைய படம்: கம்பம், பை, நீட்டிய கை. அறுபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அறிவிப்பாளர் குரலை இழுத்தார். "ஐம்பது வருஷமா நாம கேட்ட கேள்வி... இதோ!"

படம் மாறியது.

பை கிழிந்து கழுத்தில் தொங்கியது. அதற்கு மேலே ஒரு முகம். காற்றில் பறக்கும் நீளமான கூந்தல். அகலத் திறந்த வாய். இருபது, இருபத்தொரு வயசு. பெண்.

ஸ்டேடியம் முழுக்க ஒரு பெரிய மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை.

கார்மைன்தான் அதை வெளியே விட்டான். பின்வரிசையிலிருந்து, நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி: "எமில்! அப்பல்லாம் நீ என்ன அழகுடா!"

அந்தப் பகுதி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. டிவி கேமராக்காரன் ஏற்கெனவே எமிலின் முன்னால் வந்து நின்றுவிட்டிருந்தான். மெரெடித் மைக்கோடு படி ஏறி வந்தாள். பாவம், அவள் முகமும் குழம்பிப் போயிருந்தது. பெரிய திரையில் இப்போது எமிலின் முகம், டையோடு, இரண்டு மாடி உயரத்துக்கு.

"மிஸ்டர் ட்ரஸ்கா... நீங்கதான்னு எல்லாரும் சொன்னாங்க. இந்தப் படத்துல..."

மைக் அவர் வாய்க்கு முன்னால் நின்றது. உண்மையைச் சொல்ல அது அருமையான சந்தர்ப்பம். எமிலுக்கும் அது தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"எழுபத்தி நாலுல," என்றார், "எல்லாருக்குமே முடி நீளம்தான்."

அறுபதாயிரம் பேர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று ஈரிக்கு அதுவரை தெரியாது. அழுவதைத்தான் கேட்டிருந்தார்கள். ஒருவன் தொப்பியைத் தூக்கி எறிந்தான். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி, "யோவ், உனக்கு வாங்கிக் குடுத்த பீரையெல்லாம் திருப்பிக் குடுய்யா!" என்றார். "அந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று அறிவிப்பாளர் சிரிப்புக்கு நடுவில் கெஞ்சினார். படம் மறுபடி திரைக்கு வந்தது. கேமராக்காரன் போனான். மெரெடித்தும் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டுதல்தான் எல்லாவற்றையும்விட மோசம்.

எமில் உட்கார்ந்தார். முடிந்தது. இனி முடிதிருத்தும் கடைக்குப் போக முடியாது. தேவாலயத்தில் தட்டு ஏந்த முடியாது. பக்கத்தில் இருப்பவளிடம் என்ன சொல்வது? அவளைக் கட்டியதே அந்தப் பொய்யைச் சொல்லித்தானே. தலை நிமிராமல் அவர் திரையை ஓரக்கண்ணால் பார்த்தார். யார் இந்தப் பெண்? திறந்த வாய். மேலே தூக்கிய இடது புருவம். தாடை கொஞ்சம் முன்னால் தள்ளி, யாரையோ திட்டுகிற மாதிரி...

அவருக்கு அந்த வாயைத் தெரியும்.

குப்பையை வெளியே வைக்க மறந்த ஒவ்வொரு வியாழக்கிழமை காலையும் அந்த வாயை அவர் பார்த்திருக்கிறார். அதே புருவம். அதே தாடை. ஒரு முடி மாறாமல்.

மெதுவாகத் திரும்பினார். லோரெட்டா கடைசி உருண்டையை விழுங்கிவிட்டு விரல்களைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"கத்தாத."

"லோரெட்டா, நீயா அது?"

"கூட்டம் என்னையும் சேத்துத் தள்ளிக்கிட்டு மைதானத்துக்குள்ள போயிடுச்சு. மிதிபட்டுச் சாகாம இருக்கணும்னா ஏறி நிக்க ஒரே இடம் கம்பம்தான். ஏறினேன். உடனே நீங்கள்லாம் சேந்து அத ஆட்ட ஆரம்பிச்சீங்க."

"அந்தக் கை? வெற்றி முழக்கம்?"

"என்ன முழக்கம்? 'டேய் நிறுத்துங்கடா, நான் எறங்கணும்'னு கத்தினேன். அதத்தான் வெண்கலத்துல செஞ்சு வெச்சிருக்காங்க."

"மீன் விருந்துல... நான் உன்கிட்ட... நான்தான்னு..."

"ஆமா. என் எதிர்லயே உக்காந்து, நான்தான் அது, மேலருந்து பாத்தா ஏரி எப்படித் தெரிஞ்சுதுன்னு வர்ணிச்ச. ஏரி அந்தப் பக்கமே இல்ல, எமில்." அவள் முதல் முறையாகச் சிரித்தாள். "என்கிட்டயே என்னைப் பத்தி இவ்வளவு தைரியமாப் புளுகற ஆளு, எங்க போய் முடிக்கறான்னு பாக்கலாம்னு நெனச்சேன். நீ முடிக்கவே இல்ல. நடுவுல கல்யாணம் ஆயிடுச்சு, குழந்தைங்க வந்துடுச்சு."

எமிலுக்குள் என்னவோ எழுந்தது. வெட்கம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வீங்கியது. பைத்தலையன் அவர் இல்லை, சரி. ஆனால் பைத்தலையனின் புருஷன்! அது பொய்யில்லை. தேவாலயப் பதிவில் இருக்கிறது, ஊரே சாட்சி. கார்மைன் வாயை அடைக்க அது போதும். சிரித்தவன் எல்லாம் எழுந்து நின்று கைதட்டுவான். சிலையில் அவள் பெயர், பக்கத்தில் புருஷன் என்று சின்னதாக ஒரு வரி. பீர் மறுபடி வரும்.

"மெரெடித்!" என்று எழுந்தார். "இங்க பாரும்மா, அந்தப் பொண்ணு..."

லோரெட்டா அவர் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். இருக்கை முனகியது.

"உக்காரு."

"ஏன்? அறுபதாயிரம் பேர் உன் பேரத்தான் கேக்கறாங்க. தோள்ல தூக்கிட்டுப் போவாங்க உன்ன!"

"பேரைச் சொன்னா அடுத்த கேள்வி கேப்பாங்க."

"என்ன கேள்வி?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். கார்மைன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். முன்வரிசைப் பெரியவர் கண்ணைத் துடைத்து முடிக்கவில்லை. அவள் எமிலின் காது வரை குனிந்தாள்.

"தலையில எதுக்குப் பை போட்டேன்னு. நான் உங்கள மாதிரி வெக்கப்பட்டுப் போடல, எமில். எங்க மாமா வாங்கின டிக்கெட்டு தப்பா உங்க பக்கம் விழுந்துடுச்சு. அடி விழுமேன்னு பயந்து, போட்டிருந்த தொப்பிய மறைக்கப் போட்டேன். பை கிழிஞ்சப்ப தொப்பியும் காத்துல போயிடுச்சு, தப்பிச்சேன். நான் அன்னிக்கு டொலீடோ பஸ்ஸுல வந்தவ. பொறந்ததுலருந்து டொலீடோ கட்சிதான். இன்னிக்கும்."